கத்திரி வெயிலில் பன்றிக் கொட்டகையைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?

தகரக் கூரையும் புகைபோல் நீர் தூவும் தெளிப்பானும் உள்ள கொட்டகையில் வெண்பன்றிகள் பிற்பகல் முழுவதும் மூச்சிரைத்துக் கிடக்கின்றன என்றும், இன்னும் இரண்டு மின்விசிறிகள் மாட்டினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விசிறி வாங்குவதற்கு முன்னால், மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் சென்று, பன்றி படுத்திருக்கும் உயரத்தில் சற்று நேரம் குந்தி உட்கார்ந்து பாருங்கள்.

கரூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பண்ணையில் எனக்கு இது புரிவதற்கு ஒரு கோடையும் ஒரு சினைப் பன்றியின் உயிரும் ஆயின. நின்றால் முகத்தில் காற்று வீசியது. உட்கார்ந்தால் இலைகூட அசையாத புழுக்கமும் கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடியும்தான் இருந்தன. அறைகளுக்கு இடையே நான்கடி உயரத்துக்குச் செங்கல் வைத்து அடைத்திருந்த சுவர்தான் காரணம். அதை ஓரடி விட்டு இடித்துவிட்டு இரும்புக் குழாய்களைப் பொருத்திய பிறகே காற்று பன்றியின் மேல் பட்டது.

பன்றிக்கு வியர்வைச் சுரப்பிகள் பெயரளவில்தான் வேலை செய்கின்றன. மூச்சிரைப்பதும், ஈரத்தில் புரண்டு அந்த ஈரம் உலர்வதும்தான் அதன் உடல் வெப்பம் வெளியேறும் வழிகள். சுத்தமான இடத்தில் படுக்கும் பன்றி, வெயில் காலத்தில் தன் சாணத்திலேயே போய்ப் படுப்பது அதனால்தான். ஆகவே தோல் நனைய வேண்டும், நனைந்தது காய வேண்டும். புகைபோன்ற நீர்த்துளி தோலை நனைக்காமல் காற்றின் ஈரப்பதத்தைத்தான் கூட்டுகிறது. காற்றோட்டமில்லாத கொட்டகையில் அது கெடுதலே செய்யும். பெரிய துளியாக விழும் தெளிப்பானைப் பொருத்தி, இரண்டு நிமிடம் நனைத்துவிட்டு இருபது நிமிடம் நிறுத்தி, அந்த இடைவெளியில் விசிறியை ஓடவிடுங்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, நனையாத உடலின் மேல் விசிறி வீசுவது அனல்காற்றுதான்.

குட்டி போட்ட தாய்ப்பன்றிக்கு இந்த முறை பொருந்தாது. அதற்கு 20 டிகிரி அளவில் இதமாக இருக்கும். பிறந்த குட்டிக்கோ 32 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும், அது நனையவும் கூடாது. அங்கே தாயின் கழுத்திலும் தோளிலும் மட்டும் சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி மெல்லிய குழாய் அமைத்தோம். பாலூட்டும் தாய் தீனி எடுக்கத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

தகரத்துக்கு மேலே தென்னங்கீற்று வேய்வதும் சுண்ணாம்பு அடிப்பதும் உடனே செய்யக்கூடியவை. புதிதாகக் கட்டுவதானால் நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். முகட்டில் சூடான காற்று வெளியேற இடைவெளி விடுங்கள்.

குடிநீரையும் தொட்டுப் பாருங்கள். மொட்டைவெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து குழாயில் வருவது வெந்நீர். அதைப் பன்றி குடிக்காது, குடிக்காத பன்றி தின்னவும் தின்னாது. தொட்டிக்குப் பந்தல் போட்டு, குழாயை மண்ணுக்குள் புதைத்தோம். செரிமானமும் உடல் சூட்டைக் கூட்டுவதால் தீனியை விடிவதற்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள்.

ஒரு பன்றி வாய் திறந்து, தள்ளாடி விழுந்துவிட்டால் அதை விரட்டி நடக்க வைக்காதீர்கள். ஐஸ் தண்ணீரும் ஊற்றாதீர்கள். விழுந்த இடத்திலேயே நிழல் கட்டி, சாதாரணத் தண்ணீரால் நனைத்து, விசிறி வைத்துவிட்டு, கால்நடை மருத்துவரை அழையுங்கள்.