நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லையா?

ஒரு பத்தியை நாலு தடவை படித்தாலும் ஏறமாட்டேன் என்கிறது. மனச்சோர்வு என்கிறார் டாக்டர். என் மூளை வேலையை நிறுத்திவிட்டதா?

இல்லை. ஒருவேளை வழக்கத்தைவிட அதிகமாகவே உழைத்துக்கொண்டிருக்கலாம். ஆய்வுகளில் ஒரு சோதனை வைப்பார்கள். திரையில் க, ம, க, த, ப, த என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். இரண்டு எழுத்துக்கு முன்னால் வந்ததே திரும்ப வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். இங்கே மூன்றாவதுக்கும் ஆறாவதுக்கும் அழுத்த வேண்டும். கேட்க எளிது, செய்து பாருங்கள், இரண்டே நிமிடத்தில் வேர்த்துவிடும்!

சில ஆய்வுகளில் மனச்சோர்வு உள்ளவர்களும் மற்றவர்களுக்கு ஈடாகவே பதில் சொன்னார்கள். ஆனால் அதே பதிலுக்கு அவர்களுடைய நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி கூடுதலாக இயங்கியது. வேறு ஆய்வுகளில் அந்தப் பகுதி மந்தமாகவும் இருந்திருக்கிறது. சோதனை எவ்வளவு கடினம், நோய் எவ்வளவு தீவிரம், என்ன மருந்து என்பதைப் பொறுத்து முடிவு மாறும்.

கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் பழைய தப்புகள்தான் ஞாபகம் வருகின்றன. ஏன்?

சும்மா இருக்கும்போது நம்மைப் பற்றியே அசைபோட மூளையில் ஒரு வலைப்பின்னல் இருக்கிறது. 2001இல் மூளை ஆய்வாளர் மார்கஸ் ரைக்கலின் குழுவினர் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டது. வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும். மனச்சோர்வில் பலருக்குச் சரியாக அடங்குவதில்லை. நீங்கள் கூட்டலைப் போடும்போது பின்னால் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, அதிலும் உங்களைத் திட்டும் நிகழ்ச்சி!

அப்படியானால் ஸ்கேன் எடுத்துக் காட்டினால் வீட்டில் நம்புவார்களே?

ஆசை புரிகிறது, ஆனால் முடியாது. மேலே சொன்னதெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் எடுக்கும் fMRI என்ற மூளை ஸ்கேன் காட்டுவதும் நேரடியாக நரம்பின் வேலையை இல்லை, இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு மாறுவதைத்தான். ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து 'இவருக்கு மனச்சோர்வு' என்று சொல்ல இன்று வழியில்லை. டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தால், அது பெரும்பாலும் வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்யத்தான்.

மனசு தேறிவிட்டது. கவனம் மட்டும் திரும்பவில்லையே?

சிலருக்கு அது பின்தங்கித்தான் வரும். டாக்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், அவராகக் கேட்காமல் போகலாம். தூக்கக் குறைவு, தைராய்டு, சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.