கொள்கலனில் மரம் உலர்த்த ஹீட்டர் மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் சிறிய மரப் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர், ஐந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள தூங்குமூஞ்சி மரப் பலகையில் தாம் செய்துகொடுத்த மேசை, வாடிக்கையாளரின் குளிரூட்டிய வீட்டில் மூன்றே மாதங்களில் வெடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். கப்பலில் சரக்கு ஏற்றும் பழைய இருபதடிக் கொள்கலன் ஒன்றை வாங்கி, உள்ளே ஹீட்டர் பொருத்தி, மரத்தைத் தாமே உலர்த்திக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி.

உலர்த்தலாம், ஆனால் ஹீட்டரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சிங்கப்பூரின் வெளிக்காற்றில் எத்தனை ஆண்டுகள் அடுக்கி வைத்தாலும் மரத்தின் ஈரப்பதம் (முற்றிலும் காய்ந்த மரத்தின் எடையில் இத்தனை விழுக்காடு நீர் என்ற கணக்கு) ஏறத்தாழ 16 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். குளிரூட்டிய அறையிலோ அது 10, 11 வரை இறங்கும். அந்த இறக்கத்தில்தான் உங்கள் மேசை வெடித்தது. முற்றிலும் காய்ந்தால் ஒரு டன் எடையிருக்கும் மரத்தை 18 விழுக்காட்டிலிருந்து 10க்குக் கொண்டுவர 80 லிட்டர் தண்ணீர் வெளியேற வேண்டும். மூடிய இருபதடிக் கொள்கலனில் இருக்கும் சுமார் 33 கன மீட்டர் காற்று, 50 டிகிரி வெப்பத்திலும் மூன்று லிட்டருக்குக் குறைவான நீரைத்தான் ஆவியாகத் தாங்கும். மிஞ்சிய ஈரம் மரத்திலேயே தங்கும், அல்லது இரவில் கூரைத் தகட்டில் வியர்த்துப் பலகைமீது சொட்டும். ஆகவே ஈரம் உறிஞ்சும் இயந்திரமும், அது சேர்க்கும் தண்ணீரை வெளியேற்றும் குழாயும், இடைவெளிக்காக ரீப்பர் கட்டை (மெல்லிய மரச்சட்டம்) இட்டு அடுக்கிய பலகைகளின் ஊடே காற்றை ஓட்டும் விசிறிகளும் முதலில் வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான இயந்திரம் இந்த வெப்பத்தைத் தாங்காது.

கொள்கலன் தரகர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். வெப்பம் கடத்தாத சுவர் இருப்பதால் ரீஃபர் கொள்கலன், அதாவது குளிர்பதனக் கொள்கலன், நல்ல தேர்வுதான். ஆனால் அதன் குளிர்பதன இயந்திரமே மரத்தை உலர்த்திவிடும் என்று சொல்லி விலையேற்றுபவரிடம் ஏமாறாதீர்கள். அது சரக்கைக் குளிராக வைப்பதற்கென்று செய்யப்பட்டது. பெட்டிக்கு மட்டும் விலை பேசுங்கள். சாதாரணக் கொள்கலன் என்றால், அதன் தரைப்பலகைக்கு எந்தப் பூச்சிமருந்து ஊட்டப்பட்டது என்பது கதவிலுள்ள தகட்டில் இருக்கும். அதைப் படிக்காமல் உள்ளே சூடேற்றக் கூடாது.

இடத்துக்கான அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே பணம் கொடுங்கள். ஓர் இரும்புப் பெட்டிக்காகச் சிறு பட்டறைக்காரர்களை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒரே படிவத்தில் இதை முடித்துக்கொடுக்க ஏன் இயலவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தோட்டத்து பெஞ்சு, திறந்த தாழ்வாரத்து இருக்கை போன்றவற்றுக்குக் கூரையடியில் காற்றில் உலர்ந்த மரமே போதும். சூளையில், அதாவது இப்படிச் சூடேற்றி உலர்த்தும் பெட்டியில், 10க்கு இறக்கினாலும் வெளியே வைத்ததும் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் 16க்கு ஏறி உப்பிவிடும். ஆனால் அதே பெஞ்சைப் பிறகு வீட்டுக்குள் கொண்டுபோவார்களா என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கொண்டுபோவார்கள் என்றால் இந்த விலக்கு பொருந்தாது.

பச்சைப் பலகையை நேராகச் சூளையில் ஏற்றினால் மேல்புறம் இறுகி உள்ளே பிளக்கும். முதலில் பல மாதங்கள் நிழலில் உலரட்டும். கொள்கலன் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுவது; ஆகவே உள்ளிருந்து திறக்கும் பிடி ஒன்றை, ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் முன்பே பொருத்திவிடுங்கள்.