தெருவில் நன்கொடை சேகரிப்பவருக்கு அந்த நன்கொடையிலிருந்தே சம்பளம் தரலாமா? – கேள்வி பதில்

தொண்டு நிறுவனங்களின் வரவு செலவுக் கணக்குகளைத் தணிக்கை செய்வது பல ஆண்டுகளாக என் தொழில். அதற்கு முன்பு, மாணவப் பருவத்தில், இரண்டு ஆண்டுகள் சம்பளமின்றி உண்டியல் ஏந்தித் தெருவில் நின்றிருக்கிறேன். இந்தப் பொருளைப் பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, எனக்குத் தெரிந்த அளவில் விடை தருகிறேன்.

கேள்வி: ஐயா, சாலையோரத்தில் ஓர் இளைஞர் என்னை நிறுத்தி, குழந்தைகளின் மருத்துவத்துக்காக மாதந்தோறும் நன்கொடை தரும்படி கேட்டார். படிவத்தில் கையொப்பமிட்ட பிறகுதான் அவர் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்று தெரிந்தது. இது ஏமாற்று இல்லையா?

பதில்: உங்கள் மனக்குறையில் இரண்டு தனித்தனிச் செய்திகள் கலந்திருக்கின்றன. அவர் சம்பளம் வாங்குகிறார் என்பது ஒன்று. நீங்கள் கையொப்பமிடும்வரை அதை அவர் சொல்லவில்லை என்பது மற்றொன்று. முதலாவதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நாள் முழுவதும் நின்று, எதிரில் வருபவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பொறுத்து, ஒரு சிலரையாவது இணங்கவைப்பதும் ஒரு வேலைதான். அதே நிறுவனத்தின் செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் கணக்கருக்கும் நன்கொடையிலிருந்தே சம்பளம் போகிறது, அதை நாம் கேட்பதில்லை. சேகரிப்பவரை மட்டும் வேறாகப் பார்ப்பதற்குக் காரணம், நம் பணம் அவர் கைக்குப் போவதை நாமே கண்ணால் பார்ப்பதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது செய்திதான் உண்மையான குறை. எதிரில் நிற்பவர் தம் நேரத்தைச் சும்மா கொடுக்கிறார் என்று நம்பும்போது, நோக்கத்துக்காக மட்டுமல்லாமல் அவருடைய தியாகத்துக்கு மதிப்புக் கொடுத்தும் நாம் பணம் தருகிறோம். அந்த மதிப்பைப் பேசாமலிருந்தே பெற்றுக்கொள்வது, பொய் சொல்லாமலே பொய்யின் பயனை அடைவதாகும். நீங்கள் தொடர விரும்பவில்லை என்றால் வங்கியில் சொல்லி மாதக் கழிவை நிறுத்திவிடலாம். ஆனால் கீழே கணக்குப் பற்றிய பதிலைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: தேனெடுத்தவன் புறங்கையை நக்கத்தானே செய்வான்? சம்பளம் வாங்காத தொண்டர்களை மட்டும் தெருவில் நிறுத்தினால் இந்தத் தொல்லையே இருக்காதே?

பதில்: பழமொழியில் வருபவன் கூலி வாங்காதவன், அதனால்தான் புறங்கையை நக்குகிறான். நான் நின்ற இரண்டு ஆண்டுகளில், உண்டியலின் வாயில் மெல்லிய தகட்டை நுழைத்துத் தாள்களை இழுத்தெடுத்துப் பிடிபட்ட ஒரே ஆள் எங்களைப் போலவே சம்பளமில்லாத தொண்டர். இதை வைத்துத் தொண்டர்களைப் பழிக்கவில்லை. முத்திரையிட்ட, எண்ணிட்ட உண்டியலும், இருவர் முன்னிலையில் எண்ணும் வழக்கமும்தான் களவைத் தடுக்கின்றன. சேகரிப்பவருக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்பது அதைத் தடுப்பதில்லை.

தொண்டரும் செலவில்லாமல் வருவதில்லை. அவரை அழைத்துவந்து, பழக்கி, அட்டவணை போட்டு, வராதவருக்குப் பதில் ஆள் தேடும் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆண்டில் ஒருநாள் ஊரெங்கும் கூடி உண்டியல் குலுக்குவதற்குத் தொண்டர்களை மிஞ்ச யாராலும் முடியாது. 1891ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் உயிர்காப்புப் படகுகளுக்காக நடந்த பெருந்திரள் தெருச் சேகரிப்பு அத்தகையது. ஆனால் ஆண்டின் எல்லா வேலை நாட்களிலும் தெருவில் ஆள் நிற்க வேண்டும் என்றால், தொண்டர்களை மட்டும் நம்பி அதை நடத்த முடியாது.

சேகரிப்பவருக்குச் சேகரித்ததிலிருந்தே கூலி தருவது இன்று நேற்று வந்த யோசனையுமல்ல. இஸ்லாமியர் கடமையாகத் தரும் கொடையான ஜகாத் நிதியைப் பெறத் தகுந்த எட்டு வகையினரைத் திருக்குர்ஆனின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. ஏழைகள், வறியவர்களுக்கு அடுத்து மூன்றாவதாக அதில் இடம்பெறுவோர் அந்த நிதியைச் சேகரிப்பவர்கள்தாம். கூலி வாங்குவதை அங்கே யாரும் மறைக்கவில்லை. எந்த நிதியிலிருந்து அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது என்பது கொடுப்பவர் அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். எனக்கு இதில் பிடித்த பகுதி அதுவே.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நான் மாதம் 100 கொடுத்தால் அதில் எவ்வளவு சேகரிப்பவருக்குப் போகிறது?

பதில்: சுற்றி வளைக்காத விடை: அது நீங்கள் எத்தனை மாதம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விளக்கம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் காசை வாங்கும் முறை வேறு, வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் கழியும்படி ஆள் சேர்க்கும் முறை வேறு. இரண்டாவது முறை 1990களில் ஆஸ்திரியாவில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்புக்காக வளர்ந்து, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இதில் நிறுவனம் பெரும்பாலும் ஒரு முகமையை அமர்த்துகிறது. சேரும் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் இவ்வளவு என்று முகமைக்குக் கட்டணம் கொடுக்கிறது. முகமை அதிலிருந்து தன் ஆட்களுக்குச் சம்பளம் தருகிறது. எனவே முதல் நாளிலேயே செலவு முழுவதும் முடிந்துவிடுகிறது, வரவு மட்டும் மெல்ல மெல்ல வருகிறது.

கணக்கு விளங்குவதற்காக, ஓர் ஆளைச் சேர்க்க நிறுவனத்துக்கு 1,000 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆறு மாதத்தில் நிறுத்தினால் நீங்கள் கொடுத்தது 600. நிறுவனத்துக்கு 400 நட்டம். அதாவது உங்கள் பணம் முழுவதும் சேகரிப்புக்கே போனது, வேறொருவர் கொடுத்ததிலிருந்தும் கொஞ்சம் போனது. ஐந்து ஆண்டு தொடர்ந்தால் நீங்கள் கொடுத்தது 6,000. சேகரிப்புச் செலவு ஆறில் ஒரு பங்கு. தெருவில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் ஆண்டுக்குள் விலகுவது இத்துறையில் பழகிப்போன செய்தி. ஆகவே பத்துப் பேரைச் சேர்க்க 10,000 செலவழித்து, ஐந்து பேர் ஆறாம் மாதம் நின்றுவிட, மற்ற ஐந்து பேர் மூன்று ஆண்டு தொடர்ந்தால், மொத்த வரவு 3,000 கூட்டல் 18,000, அதாவது 21,000. செலவு போக நோக்கத்துக்கு எஞ்சுவது 11,000.

பாதிக்குச் சற்று மேல்தான். இதைக் கேட்டதும் கோபம் வருவது இயல்பு. ஆனால் தெருவில் யாரும் நிற்காமல் இருந்திருந்தால் அந்த 11,000 வந்திருக்காது என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். இங்கே அளக்க வேண்டியது, ஒரு ஆண்டின் விழுக்காட்டை மட்டுமல்ல. சேர்ந்தவர்கள் சராசரியாக எத்தனை மாதம் நிலைக்கிறார்கள் என்பதையும்தான். நான் பார்த்த ஆண்டறிக்கைகளில் நிறுவனங்கள் பெரும்பாலும் அச்சிடத் தயங்கும் எண் அதுவே.

கேள்வி: சம்பளத்துக்குப் பதிலாக, திரட்டுவதில் ஒரு விழுக்காடு கமிஷன் என்று வைத்தால் நிறுவனத்துக்கு நட்டமே வராதே?

பதில்: நிறுவனத்துக்கு நட்டம் வராது, தெருவில் போகிறவருக்கு வரும். அன்றைய வருமானம் உங்கள் கையொப்பத்தில் தொங்கும்போது, மறுக்கத் தெரியாத முதியவரையும், தனியாக வரும் இளையவரையும், குழப்பத்தில் இருப்பவரையும் விட்டுவிடும் மனம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்ட நிதி திரட்டும் தொழில்முறையாளர் சங்கம், திரட்டியதில் விழுக்காட்டுக் கூலி வாங்குவதைத் தன் நெறிமுறையிலேயே விலக்கி வைத்திருக்கிறது. தொழிலில் இருப்பவர்களே வேண்டாம் என்று ஒதுக்கிய முறை இது.

இதில் ஒரு மறைவான வாசலும் உண்டு. நிலையான சம்பளம் என்று சொல்லிவிட்டு, நாளுக்கு இத்தனை பேரைச் சேர்க்காவிட்டால் வாரக் கடைசியில் வேலை இல்லை என்று வைத்தால், அதுவும் வேறு பெயரில் உள்ள கமிஷன்தான்.

கேள்வி: நன்கொடையில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் சேகரிப்புக்குப் போகக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டால் என்ன?

பதில்: அமெரிக்காவில் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. வரவில் குறைந்தது 75 விழுக்காடு நற்பணிக்கே போக வேண்டும் என்று இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பர்க் ஊராட்சி விதித்த கட்டுப்பாட்டை 1980இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீக்கியது. நன்கொடை கேட்பதும் ஒரு கருத்தை எடுத்துச் சொல்வதே, எனவே அதற்குப் பேச்சுரிமையின் காப்பு உண்டு என்பது அதன் அடிப்படை. 1984இலும் 1988இலும் வேறு மாநிலங்களின் வரம்புகளும் அதே வழியில் போயின. கேட்பதற்கு முன்பே விழுக்காட்டைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயத்தைக்கூட 1988ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஏற்கவில்லை. அந்தப் பகுதியில் நீதிமன்றத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் 2003இல் வந்த வழக்கு வேறுவிதமானது. திரட்டியதில் 85 விழுக்காட்டைத் தானே வைத்துக்கொண்ட தொலைபேசி வழியே நன்கொடை கேட்கும் ஒரு முகமை, பெரும்பகுதி முன்னாள் படைவீரர்களுக்குப் போகிறது என்று நன்கொடையாளரிடம் சொன்னதாகக் குற்றச்சாட்டு. அதிக விழுக்காடு மட்டும் மோசடி ஆகாது, ஆனால் அதைப் பற்றிப் பொய் சொன்னால் வழக்குத் தொடரலாம் என்று நீதிமன்றம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது.

வரம்பு விதிப்பதில் எனக்கு வேறொரு தயக்கமும் உண்டு. யாருக்கும் பிடிக்காத நோயின் பெயரால் கேட்பவருக்கும், புதிதாகத் தொடங்கிய சிறிய அமைப்புக்கும் முதலாண்டுகளில் சேகரிப்புச் செலவு அதிகமாகவே இருக்கும். வரம்பு அவர்களைத்தான் முதலில் வெளியேற்றும்.

கேள்வி: இங்கிலாந்தில் உண்டியல் ஏந்துபவருக்குச் சம்பளம் தருவது சட்டப்படி குற்றம் என்கிறார்கள். அங்கேதான் சம்பளத்துக்கு ஆள் சேர்ப்பவர்களும் தெருத்தெருவாக நிற்கிறார்கள். எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. தெருச் சேகரிப்பை முறைப்படுத்த அங்கே 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. அதன்கீழ் உள்ளாட்சிகள் பின்பற்றுவதற்காக 1974இல் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், சேகரிப்பவர் எவருக்கும் ஊதியம் தரக்கூடாது என்று நேரடியாகச் சொல்கின்றன. ஆனால் வங்கிப் படிவத்தில் கையொப்பம் வாங்குவது, தெருவில் பணம் வாங்குவதாகுமா என்ற ஐயத்தில் அந்த விதி வழுக்கிவிடுகிறது. அதனால் ஒரே நடைபாதையில், உண்டியல் ஏந்துபவர் சம்பளம் வாங்கக்கூடாது, பத்தடி தள்ளிப் படிவம் ஏந்துபவர் வாங்கலாம் என்ற நிலை. பின்னவரை 1992ஆம் ஆண்டுத் தொண்டு நிறுவனச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் வேறு வழியில் கட்டுகின்றன: தமக்கு ஊதியம் உண்டு என்பதையும், அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதையும் அவர் கேட்கும்போதே சொல்லியாக வேண்டும். தடை செய்வதைவிட இந்த இரண்டாம் வழியே நல்லது என்பது என் கருத்து.

கேள்வி: தெருவில் நிறுத்துபவரிடமே இதைக் கேட்பது நாகரிகமாக இருக்குமா?

பதில்: இருக்கும். “உங்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், நாள் கணக்கிலா, ஆள் கணக்கிலா?” என்பது போதும். விடை தெரியவில்லை என்பவரிடம் பையைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: அந்த வேலையைச் செய்பவனே நான்தான். சம்பளம் வாங்குகிறேன் என்று சொன்னதும் பலர் திருடனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அதனால் சொல்லாமல் விடுகிறேன். தவறா, ஐயா?

பதில்: தவறுதான் தம்பி, ஆனால் உங்கள் மீது மட்டும் உள்ள தவறு அல்ல. சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதிக் கொடுத்து, சொன்னதால் கையொப்பம் குறைந்தாலும் சம்பளம் குறையாது என்று உறுதி தர வேண்டியவர் உங்களை வேலைக்கு வைத்தவர். மாட்டியிருக்கும் அடையாள அட்டையிலேயே ‘ஊதியம் பெறும் சேகரிப்பாளர்’ என்று அச்சிட்டிருந்தால் உங்களுக்கு இந்தச் சங்கடமே இருக்காது. அதுவரை, பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிப் பாருங்கள். பிறகு தெரிந்து கோபப்படுபவர்கள்தான் பெரும்பாலும் முதல் மாதங்களிலேயே நிறுத்துகிறார்கள்; தெரிந்தே சேர்பவர் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் நிலைப்பார் என்பது நான் கண்ட அனுபவம். மேலே போட்ட கணக்கில் ஆறு மாதத்துக்கும் மூன்று ஆண்டுக்கும் உள்ள இடைவெளியை நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சிறிய அமைப்பில் சேகரிப்பவர்களின் சம்பளத்தை ஒரு புரவலர் தனியே ஏற்றுக்கொள்கிறார். “நீங்கள் தரும் பணம் முழுவதும் நோக்கத்துக்கே” என்று விளம்பரம் செய்யலாமா?

பதில்: எழுத்தளவில் உண்மை, செய்யலாம். ஆனால் அந்தப் புரவலரின் பணமும் நன்கொடைதானே? அவர் ஏற்றிராவிட்டால் அதுவும் நோக்கத்துக்கே போயிருக்கும். எனவே “சேகரிப்புச் செலவை ஒரு புரவலர் ஏற்கிறார்” என்ற வரியையும் அதே அளவு எழுத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். புரவலர் அடுத்த ஆண்டு விலகினால் விளம்பரத்தை எடுத்துவிட யார் பொறுப்பு என்பதையும் இப்போதே கூட்டக் குறிப்பில் எழுதிவையுங்கள். சுவரொட்டிகள் கிழியாமல் நிற்பதும், கணக்கு மட்டும் மாறிவிடுவதும் நான் தணிக்கையில் பார்த்த ஒன்று.

கேள்வி: இவ்வளவு குழப்பம் எதற்கு? தெருவில் கொடுக்காமல் நேரடியாக நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டால்?

பதில்: தாராளமாக அனுப்புங்கள், முகமைக் கட்டணம் மிச்சம். தெருவில் நின்றவர் கொடுத்த துண்டறிக்கையைப் பார்த்துத்தான் அனுப்புகிறீர்கள் என்றால், அதை நிறுவனத்துக்கு ஒரு வரியில் எழுதித் தெரிவியுங்கள். அன்றைக்கு அவருடைய பேரேட்டில் உங்கள் பெயர் ஏறியிருக்காது.