துபாயில் இருந்துகொண்டு அல் ஐன் நண்பர் வீட்டுக்குப் போவதில் என்ன இருக்கிறது?

"மலையும் பேரீச்ச மரமும் விட்டால் அங்கே என்ன இருக்கு? இருக்கிற ஒரு நாள் லீவையும் ரோட்டில் கழிக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர் பல மாதமாகக் கூப்பிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். போய்விட்டு வாருங்கள்.

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. துபாய்க்கு மாறுவதற்கு முன் நாங்கள் குடும்பத்தோடு அல் ஐனில்தான் இருந்தோம். துபாய் நண்பர்களைக் கூப்பிட்டால் "நீங்களே இங்கே வந்துடுங்களேன்" என்பார்கள். கார் எடுத்தால் ஒன்றரை மணி நேரம். அவர்களுக்குத் தூரம் என்றால் எங்களுக்கும் அதே தூரம்தானே? வந்தவர்களில் பலரும் ஜபல் ஹஃபீத் மலை மேலே போய்ப் படம் எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார்கள். என் மனைவி காலையிலிருந்து சமைத்து வைத்தது அப்படியே இருக்கும்.

அந்த நண்பர்களில் ஓர் அண்ணன் மட்டும் அப்படி இல்லை. என் அப்பா தவறி, காரியம் முடித்து நான் திரும்பியிருந்த சமயம். வெள்ளிக்கிழமை காலையிலேயே குடும்பத்தோடு வந்துவிட்டார். சாப்பிட்டு, எங்கள் கூடத்திலேயே படுத்துத் தூங்கினார். சாயங்காலம் அல் ஐன் பேரீச்சஞ்சோலைக்கு நடந்தோம். 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. ஃபலாஜ் என்கிற பழைய காலத்துப் பாசன வாய்க்கால்களில்தான் மரங்களுக்குத் தண்ணீர் பாயும். பிள்ளைகள் வாய்க்கால் ஓரமாக ஓட, அவர் "அப்பா எப்படிப்பட்டவர், சொல்லுங்க" என்றார். ஆபீஸில் எல்லோரும் கையைக் குலுக்கி வருத்தம் சொன்னதோடு சரி. அப்பாவை ஒருமுறைகூடப் பார்த்திராத அவர் இருட்டும்வரை கேட்டுக்கொண்டே நடந்தார். அன்றுதான் நான் அழுதேன்.

அல் ஐனில் நம்மவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை, நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் தெரிந்தவர்கள் இருப்பது வேறு, நமக்காக ஒருவர் வண்டி கட்டிக்கொண்டு வருவது வேறு.

துபாய்க்காரர்களுக்கு நேரம் இல்லை என்பதும் தெரியும். இப்போது நானும் துபாய்தான். 2022 ஜனவரியிலிருந்து அரசு ஊழியர்களுக்கு வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை. எங்கள் கம்பெனியில் ஞாயிறு மட்டும். அதையும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மெசேஜ் போட்டுப் பிடுங்கிக்கொள்வார்கள். ஓய்வு நாளில் வேலை வாங்கினால் மாற்று விடுப்போ கூடுதல் சம்பளமோ தரச் சொல்லிச் சட்டம் இருக்கிறது. கேட்டவனுக்கு அடுத்த வாரமும் ஞாயிறு வேலை! விசா அவர்கள் கையில் இருக்கும்போது யார் வாயைத் திறப்பது?

சரி, உங்கள் விஷயம். கார் இல்லையென்றால் துபாய் அல் குபைபா பஸ் நிலையத்திலிருந்து இ201 (E201) பஸ் போகிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேருங்கள். மலைக்குப் போவதானால் வெயில் தாழ்ந்தபின் நண்பரையும் கூட்டிக்கொண்டே போங்கள். போய் உட்கார்ந்ததுமே எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.