என் கணினியில் இருக்கிறது, பட்டியலில் இல்லை

வணக்கம்.

டெபியன் லினக்ஸுக்காக ஒரு சிறிய மென்பொருளை பேக்கேஜ் (நிறுவத் தயாரான பொதி) செய்துகொண்டிருக்கிறேன். சி மொழியில் எழுதியது, கட்டுவதற்கு ஆட்டோடூல்ஸ் கருவிகளைப் பயன்படுத்துகிறது. மூலநிரலை அவிழ்த்து, கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை நேரடியாக ஓட்டினால் எந்தச் சிக்கலும் இல்லை. என் மடிக்கணினியில் பேக்கேஜாகவும் பில்ட் ஆகிவிடுகிறது. காலியான சூழலில் பேக்கேஜைக் கட்டும் எஸ்பில்டில் போட்டால் மட்டும் கான்ஃபிகர் பாதியில் நிற்கிறது. 'சின்டாக்ஸ் எர்ரர் நியர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று சொல்லி தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரியின் பெயரைக் காட்டுகிறது. அதை வைத்து நிரல் கட்டத் தேவையான கோப்புகள் கொண்ட டெவ் பேக்கேஜை, கட்டும்போது தேவைப்படுபவற்றின் பட்டியலான பில்ட்-டிபெண்ட்ஸில் சேர்த்தேன். அதே பிழை, அதே வரி. உன் கணினியில் இருக்கும் டெவ் பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் எழுதிவிடு என்கிறார் நண்பர். அது சரியா? இன்னொன்று, இதன் கையேட்டை உருவாக்கும் கருவி டெபியனிலேயே இல்லை. அதற்கு என்ன வழி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பிழைச்செய்தி காட்டும் இடம் வேறு, கோளாறு இருக்கும் இடம் வேறு. இசட்லிப் அங்கே இருக்கிறது. இல்லாதது, லைப்ரரிகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி.

நடப்பது இதுதான். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எதிலிருந்து உருவாகிறதோ அந்த கான்ஃபிகர்.ஏசி கோப்பைத் திறந்து பாருங்கள். பிகேஜி_செக்_மாட்யூல்ஸ் என்று ஒரு வரி இருக்கும், அடைப்புக்குறிக்குள் இசட்லிப் பெயர். அது ஷெல் கட்டளை அல்ல, எம்4 என்ற கருவி வேறு வரிகளாக விரித்து எழுதும் மேக்ரோ. அதன் விளக்கம் பிகேஜி.எம்4 என்ற கோப்பில் இருக்கிறது, அந்தக் கோப்பு பிகேஜி-கான்ஃபிக் பேக்கேஜோடு வருகிறது. அது இல்லாத இடத்தில் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கினால் எம்4 எந்தப் புகாரும் சொல்லாது. தனக்குத் தெரியாத சொல்லை வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு அப்படியே கடத்திவிடும். அந்த வரி விரிவடையாமல் ஸ்கிரிப்டில் உட்கார்ந்திருக்கும். ஷெல் அதைப் படிக்கும்போது ஒரு பெயரும் திறக்கும் அடைப்புக்குறியும் தென்படுவதால், ஏதோ ஃபங்ஷன் எழுதப் போகிறார்கள் என்று மூடும் அடைப்புக்குறியை எதிர்பார்க்கிறது. வந்து நிற்பதோ இசட்லிப். அதனால்தான் அந்தப் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது.

அப்படியானால் நேரடியாக ஓட்டும்போது ஏன் வேலை செய்தது? மூலநிரலோடு வந்த கான்ஃபிகர், அதை எழுதியவரின் கணினியில் உருவானது. அங்கே மேக்ரோ ஏற்கெனவே விரிந்துவிட்டது. டெபியனில் பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பரின் பொருந்துநிலை 10 முதல் டிஹெச்_ஆட்டோரீகான்ஃப் என்ற கட்டளை தானாகவே ஓடுகிறது, கான்ஃபிகரைப் புதிதாக எழுதுகிறது. உங்கள் மடிக்கணினியில் என்றோ வேறு எதையோ நிறுவியபோது பிகேஜி-கான்ஃபிக் கூடவே வந்திருக்கும். எஸ்பில்டின் காலியான அறையில் அது இல்லை. பில்ட்-டிபெண்ட்ஸில் அதைச் சேருங்கள். டெபியன் 12 முதல் அதன் பெயர் பிகேஜிகான்ஃப். இசட்லிப்பின் டெவ் பேக்கேஜை எடுத்துவிடாதீர்கள், அதுவும் தேவைதான். எந்தக் கோப்பு எந்த பேக்கேஜில் இருக்கிறது என்று தேட டெபியனில் ஏபிடி-ஃபைல், ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் டிஎன்எஃப் ப்ரொவைட்ஸ்.

இப்போது நண்பரின் யோசனைக்கு வருகிறேன். வேண்டாம். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. இயங்குவதற்குத் தேவையான லைப்ரரிகளை நாம் கையால் எழுதுவதில்லை. டிபிகேஜி-ஷ்லிப்டெப்ஸ் என்ற கருவி, கட்டி முடித்த நிரலான பைனரியைத் திறந்து, அது எந்த லைப்ரரிகளைக் கேட்கிறது என்று படித்துப் பட்டியலைத் தானே நிரப்பிவிடுகிறது. பில்ட் சார்புகளுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. உதாரணத்துக்கு பைசன் என்ற கருவி, உரையைப் பிரித்துப் படிக்கும் நிரலை (பார்சர்) எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. முடிந்த பைனரியை எவ்வளவு துருவினாலும் 'எனக்கு பைசன் வேண்டும்' என்று அது எங்கும் சொல்லாது. மூலநிரலைப் படித்து, எது எதைக் கூப்பிடுகிறது என்று ஒருவர் பார்த்து எழுதினால்தான் உண்டு. அந்த உழைப்பைத் தவிர்க்கத்தான் எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறோம். ஆனால் அள்ளிப் போட்ட பட்டியலை வைத்து, எது உண்மையில் தேவை என்று அடுத்து வருபவரால் சொல்லவே முடியாது. புதிய ப்ராசஸர் ஒன்றுக்காக டெபியனை அடியிலிருந்து கட்டியெழுப்புபவர்களுக்கு, தேவையில்லாத ஒவ்வொரு சார்பும் வழியில் கிடக்கும் கல். ஒன்று கட்ட இன்னொன்று வேண்டும், அதைக் கட்ட முதலாவது வேண்டும் என்று சுற்றிக்கொள்ளும்.

மூலநிரல் நேரடியாகக் கூப்பிடும் எதையும், அது இன்னொரு பேக்கேஜின் வழியாக எப்படியும் வந்துவிடும் என்று தெரிந்தாலும், நான் பெயர் சொல்லி எழுதிவிடுவேன். வேறு வழியாக வருவது ஒரு நாள் வராமல் போகும். 2018-இல் ஃபெடோரா 29-க்காக ஜிசிசி என்ற சி கம்பைலரையே அடிப்படை பில்ட் சூழலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சி கம்பைலர் எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதாமல் விட்ட ஏராளமான ஸ்பெக் கோப்புகளில் (ஃபெடோராவின் பேக்கேஜ் விவரக் கோப்புகள்), பில்ட்-டிபெண்ட்ஸுக்கு இணையான பில்ட்ரிக்வயர்ஸ் வரி சேர்க்க வேண்டி வந்தது. 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல், பேக்கேஜ் கட்டும் டிஸ்ட்யூட்டில்ஸ் நீக்கப்பட்டது. அதற்கு மாற்றான செட்டப்டூல்ஸ் என்று சொல்லாமலே காலம் ஓட்டிய பேக்கேஜ்கள் அன்று நின்றன.

சத்தம் போட்டு நிற்கும் பிழைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பைசன் இல்லையென்றால், கட்டும் வேலையை நடத்தும் மேக் கருவி 127 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும், பார்த்துச் சேர்த்துவிடலாம். எனக்குப் பயம், நிற்காமல் போகிறவற்றின் மீதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்காக, டெர்மினலில் ஓடும் சிறிய கணக்குக் கருவி ஒன்றை பேக்கேஜ் செய்தேன். என் கணினியில் கட்டிய பைனரி ஒரு ப்ராசஸருக்கு. மற்ற ப்ராசஸர்களுக்கு பில்ட் சர்வரே கட்டிக்கொண்டது. எல்லாம் பச்சை. சில வாரங்கள் கழித்து, ஆர்ம் ப்ராசஸர் கணினி வைத்திருந்த ஒருவர் எழுதினார். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வருவதற்குப் பதிலாக, திரையில் சதுர அடைப்புக்குறிகளும் ஓர் எழுத்துமாக ஏதோ விழுகிறது என்று. என் கணினியில் அப்படி இல்லை. ஒரு மாலை முழுக்க அவருடைய டெர்மினல் அமைப்பைச் சந்தேகப்பட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அப்புறம்தான் பில்ட் சர்வரின் லாகை (நடந்ததன் பதிவு) திறந்தேன். முந்நூறு வரிகளுக்கு நடுவே 'செக்கிங் ஃபார் ரீட்லைன்... நோ' என்று ஒரு வரி. முந்தைய வரிகளைத் திரும்ப எடுத்துத் தரும் ரீட்லைன் லைப்ரரி இல்லை, சரி, இல்லாமலே கட்டுகிறேன் என்று கான்ஃபிகர் போய்விட்டது. அந்த மனிதரின் பொறுமையை வீணாக்கியதற்கு இன்றும் வருந்துகிறேன்.

ஜென்டூ லினக்ஸ்காரர்கள் இதை ஆட்டோமேஜிக் சார்பு என்பார்கள். கணினியில் இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லையென்றால் வாய் திறக்காது. அதற்கு நான் கண்ட மருந்து, எதையும் கான்ஃபிகரின் விருப்பத்துக்கு விடாமலிருப்பது. வேண்டியதற்கு 'வித்', வேண்டாததற்கு 'வித்தவுட்', இரண்டையும் பேக்கேஜ் கட்டும் வழிமுறை உள்ள ரூல்ஸ் கோப்பில் எழுதிவிடுங்கள். ஒழுங்காக எழுதிய கான்ஃபிகர் என்றால், 'வித்' என்று கேட்டது கிடைக்காதபோது நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் மென்பொருளை எழுதியவர்களிடம் சொல்லித் திருத்துவது நல்லது. ஆட்டோடூல்ஸுக்குப் பதிலாக மீசான் பயன்படுத்தும் மென்பொருளில் ஆட்டோ_ஃபீச்சர்ஸை எனேபிள்ட் என்று வைத்தாலே தானாக முடிவு செய்பவை எல்லாம் கட்டாயமாகிவிடும். ஃபெடோராவின் மீசான் மேக்ரோ அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதோடு இரண்டு பேக்கேஜ்களை ஒப்பிடும் டெப்டிஃப் கருவியை எடுத்து, உங்கள் கணினியில் கட்டியதையும் எஸ்பில்டில் கட்டியதையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் இருக்கும் மேன் பக்கம் (கையேட்டுப் பக்கம்) இன்னொன்றில் இல்லையென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, டெபியனில் இல்லாத அந்தக் கையேட்டுக் கருவி. பில்ட் நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வழியை நினைக்கவே வேண்டாம். டெபியன் கொள்கை அதைத் தடுக்கிறது. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். நாளை அந்த முகவரி இல்லாமல் போனால் உங்கள் பேக்கேஜை யாராலும் கட்ட முடியாது.

மூலநிரலோடு வந்த, முன்பே உருவாக்கிய கையேட்டை அப்படியே போட்டுவிடலாமே என்று தோன்றும். அதில் எனக்குத் தயக்கம் உண்டு. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் ஒளித்துவைத்திருந்த பின்கதவு நினைவிருக்கும். 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் அதைத் தூண்டிய எம்4 கோப்பு வெளியிட்ட டார் கோப்பில் மட்டும் இருந்தது, மூலநிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. ஒரு கையேட்டுப் பக்கத்தை அதோடு ஒப்பிடுவது அதிகம்தான். ஆனால் மூலத்திலிருந்து நம்மால் உருவாக்க முடியாத எதையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவைக்கும் பழக்கம் நல்லதில்லை.

அந்தக் கருவி நிரலின் ஒரு பகுதியை உருவாக்குகிறது என்றால், முதலில் அதை பேக்கேஜ் செய்யுங்கள் என்பேன், எத்தனை மாதம் ஆனாலும். உங்களுடையது வெறும் கையேடு. சிறிய பேட்ச் (திருத்தக் கோப்பு) ஒன்றால் அந்தப் பகுதியை நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று ரீட்மீ.டெபியனில் இரண்டு வரி எழுதுங்கள். கருவி டெபியனுக்குள் வரும் நாளில் பேட்சை நீக்கிவிடலாம்.

முதலில் பிகேஜிகான்ஃபைச் சேர்த்து எஸ்பில்டை ஓட்டிப் பாருங்கள். முடிந்ததும் லாகில் 'நோ' என்று முடியும் வரிகளை மட்டும் தனியே எடுத்து எனக்கு அனுப்புங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்.