உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கினால் முடிவில்லாத் தொடர் ஒருங்கும்தானே, அதாவது அதன் கூட்டுத்தொகை ஒரு குறித்த எண்ணை நெருங்கும்தானே? எந்தச் சோதனையை முதலில் செய்வது?

கட்டாயம் ஒருங்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்துவிட்டு, கிளிநொச்சி அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ பல்கலைக்கழக முதலாம் வருடத்தில் இருப்பவர் என்று எண்ணியே எழுதுகிறேன். உறுப்புகள் பூச்சியத்தை நெருங்காவிட்டால் தொடர் ஒருங்காது. அதன் மறுதலை உண்மையன்று.

கிளிநொச்சியில் எனது மாலை வகுப்பில் 1 + 1/2 + 1/3 + 1/4 + … என்ற இசைத் தொடரைக் கொடுத்தபோது, நூறு உறுப்புகளைக் கூட்டி 5.19 அளவில் பெற்ற மாணவர் ஒருவர், இது ஆறைத் தாண்டாது என்றார். 227 ஆவது உறுப்பிலேயே அது தாண்டிவிடும். கரும்பலகையில் 1/3 + 1/4 என்பது 1/2 ஐ விடப் பெரிது என்றும், 1/5 முதல் 1/8 வரையான நான்கும் அவ்வாறே என்றும் காட்டி முடிக்குமுன், பின்வாங்கில் இருந்த மாணவி, "சேர், அடுத்த எட்டுக்கும் இன்னொரு அரை வரும்தானே?" என்று கேட்டார். இப்படி அரைகள் முடிவின்றி வந்துகொண்டே இருப்பதால் கூட்டுத்தொகை எந்த எண்ணையும் தாண்டிவிடும். 14 ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் நிக்கோல் ஒரேம் காட்டிய நிறுவல் இதுவே. அவர் பெயரை அந்த மாணவி அதுவரை கேள்விப்பட்டதில்லை.

"வன்னிப் பிள்ளைகளுக்கு நிறுவல் எதற்கு, சோதனைகளைப் பாடமாக்கினால் போதும்" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அது இன்றும் என்னைச் சுடுகிறது. அவ்வாறு பாடமாக்கியவர்களே விகிதச் சோதனையில், அதாவது ஓர் உறுப்பை அதன் முந்தைய உறுப்பால் வகுத்து வரும் விகிதத்தின் எல்லையைப் பார்க்கும் சோதனையில், எல்லை 1 என வரும்போது திகைத்து நிற்கிறார்கள். இசைத் தொடருக்கும் 1 + 1/4 + 1/9 + 1/16 + … என்ற தொடருக்கும் அந்த எல்லை 1 தான். ஆயினும் முன்னையது ஒருங்காமல் விரிகிறது, பின்னையது ஒருங்குகிறது. காரணம் உயர்தரத்திலேயே உங்களிடம் உள்ளது. 1/4 ஆனது 1/(1×2) ஐ விடவும், 1/9 ஆனது 1/(2×3) ஐ விடவும் சிறிது. 1/(1×2) + 1/(2×3) + … என்பதை வித்தியாச முறையில், அதாவது (1 − 1/2) + (1/2 − 1/3) + … என எழுதிக் கூட்டினால், பத்து உறுப்புகளுக்கு 10/11 வரும், எத்தனை உறுப்புகளை எடுத்தாலும் 1 ஐ எட்டாது. ஆகவே முதல் உறுப்பான 1 ஐச் சேர்த்தாலும் நமது தொடரின் கூட்டுத்தொகை 2 ஐத் தாண்ட வழியில்லை.

தொடரை ஒரு தொகையீட்டுடன் ஒப்பிடும் தொகையீட்டுச் சோதனையை விட்டுவிட்டேன் என்று பல்கலைக்கழகத்தில் கற்பிப்போர் குறை சொல்லக்கூடும். அதன் வலிமையை நான் மறுக்கவில்லை, கேட்டவருக்கு முதற்படியைத்தான் சொல்கிறேன். முதலில் உறுப்பின் எல்லையைப் பாருங்கள். அது பூச்சியமாக இல்லாவிட்டால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. n! போன்ற காரணியமோ 2ⁿ போன்ற அடுக்கோ இருந்தால் விகிதச் சோதனையையும், பல்லுறுப்பிகளின் பின்னமாக இருந்தால் அவற்றின் உயர் படிகளை மட்டும் எடுத்து மேலுள்ள இரு தொடர்களுடன் ஒப்பீட்டையும் செய்யுங்கள். குறிகள் மாறிமாறி வந்தால் இந்த ஒப்பீட்டை நேரடியாகச் செய்யாதீர்கள்: 1 − 1/2 + 1/3 − 1/4 + … ஒருங்குகிறது, அதன் பெறுமானம் ஏறத்தாழ 0.693.