கணக்கு கேட்டா கோராகா?

ஸ்தோத்திரம்ணா. பாலக்கோடு பக்கம் ஒரு சின்ன சபைக்கு போறோம். ஆலயக் கட்டட நிதிக்கு என் சம்சாரம் தையல் காசுல மாசாமாசம் குடுக்குது, ஆனா கடக்கால் போட்டதோட அப்படியே நிக்குது. வரவு செலவு சொல்லுங்க பாஸ்டர்னு கேட்டேன். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துலயே, மோசேய எதிர்த்த கோராகு கூட்டத்த பூமி முழுங்குச்சு, அபிஷேகம் பண்ணப்பட்டவர தொடாதீங்கன்னுட்டார். இப்ப யாரும் எங்ககூட பேசறதில்ல. நான் கேட்டது பாவமாண்ணா?
– ஒரு வாசகர்

தம்பி,

பாவமில்ல. கோராகு கேட்டது கணக்கு இல்ல, ஆசாரியப் பதவி. அதே எண்ணாகமம் 16ல 15ம் வசனம் பாருங்க, இவங்ககிட்ட ஒரு கழுதையக்கூட நான் எடுத்துக்கலன்னு மோசே ஆண்டவர்கிட்டயே சொல்றாரு, கழுதைய பத்தி அவர யாரும் கேக்கவே இல்ல. வனாந்தரத்துல ஆராதனைக்குன்னு ஆசரிப்புக் கூடாரம் கட்டினப்பவும் அப்படித்தான், யாத்திராகமம் 38ல அந்தக் கால எடையில பொன் 29 தாலந்து 730 சேக்கல்னு ஆரம்பிச்சு, 1775 சேக்கல் வெள்ளியில தூணுக்கு கொக்கி பண்ணினது வரைக்கும் எழுதி வெச்சிருக்குது. கொக்கி தம்பி! இவருக்கு சிமெண்ட் பில்லு காட்ட முடியல.

அந்த தொடாதே வசனம் சங்கீதம் 105ல வருது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுன்னு கொஞ்சப் பேரா நாடு நாடா அலைஞ்சவங்கள ஒண்ணும் பண்ணிடாதீங்கன்னு ராஜாக்களுக்கு சொன்னது. எளியவன காப்பாத்த வந்த வசனத்த, மைக் வெச்சிருக்கறவரு தையல் மிஷின் மிதிக்கற பொம்பளைக்கு எதிரா தூக்கறாருன்னா என்னத்த சொல்ல.

எல்லா பாஸ்டரும் இப்படின்னு நெனச்சிடாதீங்க. பென்னாகரம் பக்கம் மலையில சம்பளம்னு ஒண்ணும் இல்லாம, பழைய டிவிஎஸ்ல போயி காய்ச்சல்காரங்க பக்கத்துல ராத்திரி பூரா உக்காந்து ஜெபிக்கறவங்களும் இருக்காங்க, அவங்ககிட்ட கணக்கு கேட்டா காணிக்கை நோட்ட எடுத்து கையில குடுத்துடுவாங்க. பவுலே எருசலேம் ஏழைங்களுக்கு சேத்த பணத்த தனியா கையாளல, நாளைக்கு ஒருத்தர் குத்தம் சொல்லக்கூடாதுன்னு சபைங்க தேர்ந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட சேத்துக்கறாரு, 2 கொரிந்தியர் 8ல இருக்குது.

இப்ப நீங்க பண்ண வேண்டியது, நம்பிக்கையான ரெண்டு குடும்பத்த சேத்துக்கிட்டு எழுத்துலயே கேளுங்க, காப்பி ஒண்ணு வெச்சுக்கோங்க. பதில் வர்ற வரைக்கும் கட்டட நிதிய நிறுத்தி வெய்ங்க, வீட்டுல தங்கச்சிகிட்டயும் சொல்லிடுங்க. சபைய விடறதா வேணாமாங்கறத அப்புறம் பாத்துக்கலாம். வாட்ஸ்அப் குரூப்புல மட்டும் இத போட்டுடாதீங்க, உங்கள தூக்கிட்டு கதையவே மாத்திடுவாங்க.